44 பைட்டில் ஒரு பாட்டு

விண்டோஸ் கணினியில் ஒரு பாட்டு சிடியைப் போட்டுத் திறந்தால் ‘டிராக்01.சிடிஏ’, ‘டிராக்02.சிடிஏ’ என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பத்து நிமிடப் பாட்டை ஆறு நிமிடமாக வெட்டித் தர ஒப்புக்கொண்டவர், வேண்டிய கோப்பைப் பிடித்திழுத்து டெஸ்க்டாப்பில் போடுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் காப்பி முடிந்துவிடும். சிடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு கோப்பைத் தட்டினால் பாட்டு வராது. அளவைப் பார்த்தால் 44 பைட். பத்து நிமிடப் பாட்டும் 44 பைட், இரண்டு நிமிடப் பாட்டும் 44 பைட். இந்தப் பத்தியின் முதல் வரியைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்.

அதே சிடியை ஆப்பிள் கணினியில் போட்டால் கதை வேறு. அங்கே ஏஐஎஃப்எஃப் கோப்புகளாக, நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் கனத்தோடு பாட்டுகள் தெரியும். இழுத்துப் போட்டால் பாடவும் பாடும். ஒரே பாட்டு ஒரு கணினியில் 44 பைட்டாகவும் இன்னொன்றில் நூறு மெகாபைட்டாகவும் தெரிவது எப்படி?

இரண்டுமே கணினி நமக்காக வரைந்து காட்டும் தோற்றங்கள். பாட்டு சிடியில் கோப்பு என்று எதுவும் கிடையாது. தட்டின் உள்விளிம்பில் ஒரு பொருளடக்கம் இருக்கிறது: எத்தனை பாட்டுகள், ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்பது மட்டும். பாட்டின் பெயர்கூடப் பெரும்பாலான தட்டுகளில் இல்லை. கணினியில் பெயர்கள் தோன்றினால், பாட்டுகளின் தொடக்க நேரங்களை வைத்து மென்பொருள் இணையத்தில் தேடிக் கொண்டுவந்தவை அவை. விண்டோஸ் காட்டும் 44 பைட்டில் இருப்பது இந்தப் பொருளடக்கத்தின் ஒரு வரி. ‘பாட்டு இங்கே தொடங்கி இவ்வளவு நேரம் போகும்’ என்ற குறிப்பு. பாட்டு தட்டிலேயேதான் இருக்கிறது.

இப்படி ஏன் வடிவமைத்தார்கள் என்பதற்குக் காலத்தைப் பார்க்க வேண்டும். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து ‘சிவப்புப் புத்தகம்’ எனப்படும் சிடி விதிமுறையை எழுதியது 1980இல். முதல் பிளேயர் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது 1982இல். இடையில் 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியின் பிளாப்பி தட்டு 160 கிலோபைட் கொள்ளும். 74 நிமிட இசைக்கு 78 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். அப்படிப்பட்ட பிளாப்பிகள் 4,700க்கும் அதிகம். ஒரு நாள் வீட்டுக் கணினி இந்தத் தட்டைப் படித்து, வெட்டி ஒட்டும் என்று எண்ணி விதிமுறை எழுத அன்று யாருக்கும் தேவை இருக்கவில்லை. நிற்காமல் பாட வேண்டும், அதுதான் சிடிக்கு இடப்பட்ட வேலை. அதை எடிட்டிங்குக்காகக் கணினிக்குக் கொண்டுவரும்போது வரும் சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

தட்டை நெருக்கத்தில் பார்ப்போம். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதற்குமேல் லாக்கர், அச்சிட்ட படம். பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில் நுண்ணிய குழிகள் சுருள்வரிசையாக உள்ளிருந்து வெளியே ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் 74 நிமிடம் படித்தால் சுருளின் நீளம் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். கீழிருந்து வரும் அகச்சிவப்பு லேசர் (அலைநீளம் 780 நானோமீட்டர்) பிளாஸ்டிக்கை ஊடுருவி அலுமினியத்தில் பட்டுத் திரும்புகிறது. சமதளத்தில் பட்டால் ஒளி முழுதாகத் திரும்பும். குழியில் படும்போது, குழியிலிருந்து திரும்பும் ஒளியும் சுற்றியுள்ள சமதளத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்து மங்கும். அதற்கேற்றபடிதான் குழியின் ஆழம் கணக்கிடப்பட்டிருக்கிறது. குழி என்றால் 1, மேடு என்றால் 0 என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் குழி தொடங்கும் அல்லது முடியும் விளிம்புதான் 1. விளிம்பு வராமல் கடக்கும் நேரம் முழுதும் 0.

இந்த 1, 0 வரிசையிலிருந்து கிடைப்பது எண்கள். இசை என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் −32,768 முதல் 32,767 வரையுள்ள ஒரு முழு எண்ணாகக் குறித்திருக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் ‘மாதிரி’ என்போம். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. மனிதக் காது கேட்கும் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். ஓர் அதிர்வைப் பிடிக்க இரண்டு மாதிரிகளுக்கு மேல் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் வழிவந்த கணிதம். ஆகவே 40,000க்கு மேல் வேண்டும், சரி. ஆனால் 44,100 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது? அந்நாளில் இவ்வளவு எண்களைப் பதியக்கூடிய கருவியாக ஸ்டுடியோக்களில் இருந்தது வீடியோ டேப். தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று மாதிரிகளை ஒளித்துவைத்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 கோடுகள், நொடிக்கு 60 முறை. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், நொடிக்கு 50 முறை. எந்த முறையிலும் கோடுகளை நொடிக்கான எண்ணிக்கையாலும் மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள், 44,100தான் வரும். இன்று நாம் ஆடியோ எடிட்டரைத் திறந்ததும் மூலையில் தெரியும் அந்த எண், வழக்கொழிந்த ஒரு வீடியோ டேப்பின் கோட்டுக் கணக்கு.

இப்போது கீறலுக்கு வருவோம். விரல்ரேகையும் தூசியும் படாத சிடி கிடையாது. அப்படியிருந்தும் அது பாடுவதற்கு முதல் காரணம், லேசர் பிளாஸ்டிக்கின் அடிப்பரப்பில் நுழையும்போது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலம் இருப்பதும், அலுமினியத்தை அடையும்போதுதான் புள்ளியாகக் குவிவதும். பரப்பிலுள்ள தூசி லேசரின் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். இரண்டாவது காரணம் கணிதம். 7, 4, 9 என்ற மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 20ஐயும் எழுதிவைத்தால், நடுவிலுள்ள 4 அழிந்துபோனாலும் 20லிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து அதை மீட்கலாம். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட முறை இந்த எண்ணத்தின் வலுவான வடிவம். எது பிழை என்பதையும் அதுவே கண்டுபிடிக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகளையும் திருத்தும். வாயேஜர் விண்கலம் யுரேனஸ், நெப்டியூன் படங்களைப் பூமிக்கு அனுப்பியபோதும் இதே குடும்பத்துக் கணிதம் துணைநின்றது. சிடியில் 24 பைட் இசைக்கு 8 பைட் சரிபார்ப்பு உண்டு.

கீறல் ஒரே இடத்தில் வரிசையாக நூற்றுக்கணக்கான பைட்டுகளை அழித்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த பைட்டுகளைத் தட்டில் அடுத்தடுத்து எழுதுவதே இல்லை. கலைத்து, சுருளில் ஏறத்தாழ 1.8 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரப்பி எழுதுகிறார்கள். கீறல் ஒரு துண்டை மொத்தமாகத் தின்றாலும், படித்து மறுபடி வரிசைப்படுத்தும்போது அந்த இழப்பு ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிரு பைட்டாகச் சிதறிவிடும். ஓரிரண்டு என்றால் ரீட்–சாலமன் கணிதம் அதை மீட்டுவிடும். சுருளின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல்வரை ஓர் எண்கூட மாறாமல் மீளலாம். சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். துணியில் ஒட்டிய மணல் துகள் குறுக்கே கீறினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போகும். சுருளோடு சேர்ந்து கீறினால் ஒரே இடத்தில் நிறையப் போகும். படம் அச்சிட்ட மேல்பக்கத்தைத்தான் இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். அங்கே அலுமினியத்துக்கு மெல்லிய லாக்கர் மட்டுமே காவல். அலுமினியமே உரிந்துபோனால் எந்தக் கணிதமும் உதவாது.

கீறல் அதைவிடப் பெரிதாகிக் கணிதமும் கைவிட்டால் பிளேயர் என்ன செய்கிறது? இந்த இடத்தை நின்று பார்க்க வேண்டும். முந்தைய மாதிரி 1,200. அடுத்தது 1,320. நடுவில் உள்ளது தொலைந்துவிட்டது. பிளேயர் இரண்டுக்கும் நடுவான 1,260ஐப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். உண்மை எண் 1,310 ஆகவோ 1,195 ஆகவோ இருந்திருக்கலாம். இதை ‘இடைக்கணிப்பு’ என்போம். கேட்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இசை கேட்பதற்கான கருவி என்ற முறையில் இது மிக நல்ல ஏற்பாடு, அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் எடிட் செய்யப்போகிறவருக்கு இது ஆபத்து. இசையை மெதுவாக்குவோம், இரைச்சலை நீக்குவோம், மெல்லிய பகுதியை உயர்த்துவோம். அப்போது, ஒட்டுப்போட்டு மூடிய இடங்கள் ‘டிக்’, ‘கர்ர்’ என்று மேலே வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மணிக்கணக்கில் தேட நேரும்.

கணினிக்கான தரவு சிடியில் இப்படி ஊகித்து நிரப்ப முடியாது. வங்கிக் கணக்கில் 1,200க்கும் 1,320க்கும் நடுவே 1,260 போட்டுக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே பின்னர் தரவுக்காக விதிமுறை எழுதியபோது கூடுதல் காவல் சேர்த்தார்கள். நொடியின் 75இல் ஒரு பங்குள்ள ஒவ்வொரு பகுதியிலும் இசை சிடி 2,352 பைட்டையும் இசைக்கே தருகிறது. தரவு சிடி 2,048 பைட்டை மட்டும் தரவுக்குக் கொடுத்து, மீதி 304 பைட்டை இன்னோர் அடுக்குப் பிழைதிருத்தத்துக்கும், ‘நான் இத்தனையாவது பகுதி’ என்ற முகவரிக்கும் ஒதுக்குகிறது. 74 நிமிடத் தட்டில் இசையாக 78 கோடி பைட் கொள்ளும். தரவாக 68 கோடிதான்.

இசைத் தட்டின் பகுதிகளுக்குள் அந்த முகவரி இல்லை என்பதுதான் காப்பி எடுப்பதில் பெரிய தலைவலி. நேரக்குறிப்பு பக்கவாட்டில் தனியாக ஓடும் ஒரு துணைத்தடத்தில் இருக்கிறது. அதை வைத்து டிரைவ் உத்தேசமாகத்தான் இடம் பிடிக்க முடியும். இசையை நிறுத்தாமல் படித்தால் சிக்கல் இல்லை. ஆனால் கணினி கொஞ்சம் திணறினால் டிரைவ் நிறுத்திவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். பழைய டிரைவ்கள் சில நூறு மாதிரிகள் முன்னேயோ பின்னேயோ வந்து இறங்கும். விளைவாக, இணைப்பில் ஒரு துளி இசை இருமுறை கேட்கும், அல்லது ஒரு துளி விடுபட்டுப்போகும்.

இதைத் தீர்த்த விதம் சுவரில் பெரிய சினிமா போஸ்டர் ஒட்டுபவரின் கைவேலைதான். போஸ்டர் பல தாள்களாக வரும். ஒட்டுபவர் அளவுநாடா எதுவும் வைத்திருக்க மாட்டார். ஒரு தாளின் ஓரத்தை அடுத்த தாளின் ஓரத்தின்மேல் ஏற்றி, நாயகனின் மீசையும் கன்னமும் பொருந்தும்வரை நகர்த்தி, பொருந்தியதும் தேய்த்துவிடுவார். 1990களின் பிற்பாதியில் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி எழுதிய ‘சிடிபாரனாயா’ போன்ற மென்பொருள்கள் அதையே செய்தன. ஒவ்வொரு துண்டையும் வேண்டியதைவிடச் சற்று அதிகமாகப் படித்து, முந்தைய துண்டின் கடைசி மாதிரிகளும் புதிய துண்டின் முதல் மாதிரிகளும் எண்ணுக்கு எண் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே இணைத்தன. முகவரி இல்லாத இசைக்கு இசையே முகவரி ஆனது.

சரி, எடுத்த காப்பி உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுப் பார்ப்பது போதாது; காதை ஏமாற்றத்தான் இடைக்கணிப்பே இருக்கிறது. இரண்டு முறை படித்து ஒப்பிடலாம். சேதமான இடத்தில் டிரைவ் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தடுமாறும், எண்கள் மாறும், பிழை பிடிபடும். ஆனால் டிரைவுக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. இரண்டாவது முறை கேட்டால் தட்டைப் பார்க்காமலே முதல் முறை படித்ததை அப்படியே ஒப்பிக்கக்கூடும். ஜெர்மனியின் ஆந்த்ரே வீதோஃப் 1998இல் வெளியிட்ட ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற, கவனமாகக் காப்பி எடுக்கும் மென்பொருள்கள், நடுவில் வேறு இடத்தைப் படிக்கச் சொல்லி அந்த நினைவகத்தைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி கேட்கும். அப்போதும் ஒரு சந்தேகம் மிஞ்சும். சேதம் நிலையானதாக இருந்தால் இடைக்கணிப்பும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே வரலாம். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகும், இரண்டும் தவறாக இருக்கும்.

அடுத்த சாட்சி வேறொருவர் வீட்டுத் தட்டு. ஒரே அச்சில் வந்த சிடி ஊரெங்கும் பலரிடம் இருக்கும். பாட்டின் எல்லா எண்களையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு ‘சரிபார்ப்பு எண்’ணை, மற்றவர்கள் தத்தம் தட்டிலிருந்து எடுத்த எண்ணோடு ‘அக்யூரேட்ரிப்’ என்ற தரவுத்தளம் ஒப்பிடுகிறது. முன்பின் அறியாத ஐந்து பேரின் வெவ்வேறு தட்டுகளில், வெவ்வேறு டிரைவ்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்க வாய்ப்பில்லை. எண் ஒத்துப்போனால் காப்பி சரி. ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு: ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில மாதிரிகளோ சில நூறு மாதிரிகளோ நிலையாகத் தள்ளியே தொடங்கும். அந்தத் தள்ளல் எவ்வளவு என்பதை மென்பொருளுக்குச் சொன்னால்தான் ஒப்பீடு பொருந்தும். தனி ஆவர்த்தனத்தை நடுவில் பிரித்து இரண்டு டிராக்காகப் போட்ட கச்சேரித் தட்டுகளில், இந்தத் திருத்தம் இருந்தால்தான் வெட்டு தயாரிப்பாளர் வைத்த இடத்திலேயே விழும்.

காப்பியை எந்த வடிவத்தில் வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எடிட்டிங்குக்கு டபிள்யூஏவி அல்லது எஃப்எல்ஏசி. சிடியின் ஓட்டம் நொடிக்கு 14 லட்சம் பிட். 128 கிலோபிட் எம்பி3 அதை 11இல் ஒரு பங்காக்குகிறது. காதுக்குத் தெரியாது என்று அது கருதுவதைத் தூக்கி எறிந்துதான் இவ்வளவு சுருக்குகிறது. ஒருமுறை சுருக்கியது கேட்க நன்றாகவே இருக்கலாம். அதை வெட்டி, ஒட்டி, மறுபடி எம்பி3 ஆக்கினால் மறுபடி எறியும். நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கச் சாப்பும்தான் முதலில் அடிபடும். அடி விழுவதற்குச் சற்று முன்பே அதன் நிழல்போல ஒரு ‘ஸ்’ ஒலி கசியும், சொற்கட்டின் கூர்மை மழுங்கும். சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டி போன்ற எடிட்டரில் அசல் டபிள்யூஏவியை ஒரு தடத்திலும் அதன் எம்பி3 நகலை அடுத்த தடத்திலும் போடுங்கள். எம்பி3 தொடக்கத்தில் சேரும் சிறு தாமதத்தை வெட்டி இரண்டையும் மாதிரிக்கு மாதிரி நேராக்குங்கள். ஒன்றைத் தலைகீழாக்கி, அதாவது கூட்டல் எண்களைக் கழித்தலாகவும் கழித்தலைக் கூட்டலாகவும் மாற்றி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒரே மாதிரி இருந்தவை ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சிக் கேட்பது எம்பி3 மாற்றிவிட்ட பகுதி. அதில் தாளத்தின் தடயத்தைத் தெளிவாகவே கேட்கலாம். எஃப்எல்ஏசியை வைத்து இதையே செய்தால் கோடு நேராகக் கிடக்கும். அது இழப்பற்ற சுருக்கம்: இடத்தைப் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைத்தும் ஓர் எண்ணைக்கூட மாற்றாது. அசல் இசையின் சரிபார்ப்பு எண்ணையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும்.

எடிட்டருக்குள் போன பிறகு இன்னொரு கசிவை அடைக்க வேண்டும். 1,003 என்ற மாதிரியின் ஒலியளவைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் 62.6875. முழு எண்ணாக வைத்தால் 63. பிறகு மனம் மாறிப் பதினாறு மடங்கு உயர்த்தினால் 1,008. ஐந்து எண் பிசகிவிட்டது. ஒரு மாதிரியில் இது ஒன்றுமில்லை. மெல்லிய தம்பூரா ஒலி முழுவதிலும் நடந்தால் பின்னணியில் கரகரப்பாகக் கேட்கும். எடிட்டர்கள் வேலை முடியும்வரை 32 பிட் தசம எண்களில் கணக்கிடுவது இதைத் தடுக்கத்தான். அந்த அமைப்பை மாற்றாதீர்கள். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மட்டும் 16 பிட்டுக்கு இறக்குங்கள். மாதிரி வீதமும் 44,100இலேயே இருக்கட்டும். வீடியோவோடு சேர்க்க 48,000 வேண்டுமென்றால் முடிவில் ஒரே ஒருமுறை மாற்றுங்கள்.

இதுவரை சொன்னது கடையில் வாங்கிய அச்சுத் தட்டுகளுக்கு. நம் வீடுகளில் இன்னொரு வகை இருக்கிறது. அரங்கேற்றத்தின்போதும் கோவில் கச்சேரியிலும் மைக் செட்காரர் பதிந்து, கணினியில் எழுதிக் கொடுத்த சிடி. அதில் அச்சிட்ட குழிகள் கிடையாது; லேசர் சுட்டு நிறம் மாற்றிய ஒரு சாயப் படலம்தான் குழியின் வேலையைச் செய்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல வெளிறச் செய்யும். உலகில் அதற்கு இரண்டாவது பிரதி இல்லை என்பதால் எந்தத் தரவுத்தளத்திலும் அதன் சரிபார்ப்பு எண் இருக்காது. இப்படிப்பட்ட தட்டை இரண்டு வெவ்வேறு டிரைவ்களில், குறைந்த வேகத்தில் படித்து, தள்ளலைத் திருத்தி, இரண்டு காப்பிகளையும் எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவைத்து அங்கே மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். பல முறை ஒரே விடை வரும் வாசிப்பே நம்பத்தக்கது. புதிய லேப்டாப்களில் சிடி டிரைவே இல்லை. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. அலமாரியில் இரண்டு வகையும் இருந்தால் எழுதிய தட்டுகளை முதலில் எடுங்கள். அச்சுத் தட்டுகளை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.